கயல்விழியின் படிப்பு குறித்து

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம், நலமறிய ஆவல். பணி ஓய்வுக்குப் பின் என் பொழுது பெரும்பாலும் வாசிப்பில் கழிகிறது. பொறியியலுடன் அமைதியையும் சமூக நீதியையும் சேர்த்துக் கற்பிக்கும் படிப்பில் சேரக் கயல்விழி விரும்புவதாகவும், "பாலம் கட்டுகிறவனுக்கு உபதேசம் எதற்கு?" என்று நீ தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். வெறும் உபதேசம் என்றால் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் கணக்குப் போடுவதற்கு முன் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைக் கற்றுத்தரும் படிப்பு அது என்றே நான் கருதுகிறேன்.

வங்கதேசத்துக் குழாய்க் கிணறுகளையே எடுத்துக்கொள். குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க, 1970-களில் யுனிசெஃப் உதவியுடன் அடிபம்பு பொருத்திய கிணறுகள் ஊர்தோறும் போடப்பட்டன. நோக்கத்தில் குறையில்லை, ஆனால் கிருமிக்கு அஞ்சியவர்கள் ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. அந்த நஞ்சு 1993-இல்தான் கண்டறியப்பட்டது. பிறகு கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ள பம்புகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். தொழில்நுட்பக் கண்ணுக்கு வேலை அத்துடன் முடிந்தது. ஆனால் அந்தப் பச்சைப் பம்பு பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீட்டு முற்றத்தில் இருக்கிறது. நாள்தோறும் குடத்துடன் அங்கே போய் நிற்க வேண்டியவள் பெண். இரு வீட்டாருக்கும் பேச்சில்லை என்றால், சிவப்புப் பம்பின் தண்ணீரே அவள் அடுப்பில் ஏறும். அரசு செலவில் ஆழ்குழாய்க் கிணறு போட்டபோதும் அதற்கான இடத்தைச் செல்வாக்குள்ளவர்களே தீர்மானித்தது உண்டு. ஆழத்தையும் நீர்மட்டத்தையும் மட்டும் படித்தவருக்கு இது ஊர் விவகாரம். கயல்விழி விரும்பும் படிப்பில், வடிவமைப்பு இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மின்னணுவியல் பக்கம் போனாலும் இதிலிருந்து தப்ப முடியாது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், தோலினூடே ஒளியைச் செலுத்தி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது. அது காட்டத் தவறிய ஆக்சிஜன் குறைபாடு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்ததை, அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. யாருடைய விரலை வைத்துக் கருவியைச் சரிபார்த்தார்கள் என்பதே கேள்வி.

அமைதி என்றதும் உனக்கு ஊர்வலம்தான் நினைவுக்கு வரும் (கல்லூரி நாட்களிலிருந்தே நீ அப்படித்தான்!). ஆனால் ஆட்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1997-இல் கையெழுத்தான பிறகும், புதைத்தவற்றைத் தோண்டி எடுக்கும் வேலை தீரவில்லை. உலோகம் குறைவான பிளாஸ்டிக் கண்ணிவெடிக்கும் மண்ணில் கிடக்கும் பழைய ஆணிக்கும் வேறுபாடு காண்பது கடினமான பொறியியல். எந்த வயலை முதலில் மீட்பது, மீட்ட நிலம் யார் கைக்குப் போகும் என்பது அதைவிடக் கடினம்.

எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. சில இடங்களில் வாரம் ஒருமுறை அறநெறி வகுப்பு நடத்திவிட்டு, அதற்குப் பெரிய பெயர் சூட்டிவிடுவார்கள். கட்டமைப்புக் கணக்கில் கோட்டை விடும் நல்லெண்ணப் பொறியாளரால் எந்த ஏழைக்கும் பயனில்லை. எனவே பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பச் சொல். கணிதமும் இயக்கவியலும் குறைக்கப்பட்டுள்ளனவா, இறுதியாண்டுத் திட்டப்பணியை மதிப்பிடும்போது அதைப் பயன்படுத்தப்போகும் மக்களின் கருத்தைக் கேட்கிறார்களா என்று பார்த்து எழுதுகிறேன். சேர்க்கைக்கான கடைசித் தேதியையும் மறக்காமல் தெரிவி.

அன்புடன்,
இராகவன்