நான்கு ரயர்களின் கணக்கு

அன்புள்ள அண்ணைக்கு,

நேற்று நான்கு ரயர்களையும் மாற்றினேன். அளவு 205/60 ஆர் 15. நான்கும் ஒரே வகை, நான்கிலும் 1824 என்ற எண். 2024ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்யப்பட்டவை. புதுச் சரக்கு என்று கடைக்காரர் சொன்ன பிறகும் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் குனிந்து வாசித்தேன். அந்தப் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த மார்கழியோடு ஐந்து ஆண்டுகள். பருத்தித்துறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நீரேரியோரம் கிடக்கின்ற வல்லை வெளியில் மழை பக்கவாட்டாக அடித்தது. வீதியில் தண்ணீர் தகடு போலக் கிடந்தது. முன்னால் ஊர்ந்த வானைக் கடப்பதற்காக நீங்கள் மூன்றாம் கியருக்கு இறக்கி மிதித்தீர்கள். 193 குதிரைவலுவும் இரண்டு பின்சில்லுகளுக்கே போகின்ற கார் அது. வழுக்கலைத் தானாக அடக்கும் ஏற்பாடு எப்போதோ செயலிழந்துவிட்டது. காரின் பின்புறம் இடப்பக்கம் விலகியபோது அம்மா முருகனைக் கூப்பிட்டார். நீங்கள் பிறேக்கைத் தொடவில்லை. காலை மெல்லத் தளர்த்தி, வால் போன பக்கமே ஸ்ரியரிங்கைத் திருப்பி, அது மறுபக்கம் ஆடியபோது அதற்கும் ஈடுகொடுத்து, நேராக்கிவிட்டீர்கள். என் கையில் இருந்திருந்தால் பிறேக்கில் ஏறி நின்றிருப்பேன். பாரம் முழுவதும் மூக்குக்குப் பாய்ந்து, ஏற்கெனவே பிடியிழந்த பின்சில்லுகள் இன்னும் இலேசாகி, கார் சுழன்று நீரேரிக்குள் போயிருக்கும்.

பிறகு ஓரமாக நிறுத்தி, மழையில் இறங்கி, பின்சில்லின் அருகே குந்தினீர்கள். பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வெளியேறுகின்ற தவாளிப்புக்குள் பெருவிரலை வைத்துப் பார்த்தீர்கள். வைப்பதற்கு அங்கே தவாளிப்பே இருக்கவில்லை. 1.6 மில்லிமீற்றரில் தேய்மானத்தைக் காட்டுகின்ற அந்தச் சிறு மேடுகள் ரயரின் மேற்பரப்போடு சமமாகியிருந்தன. எண்ணையும் வாசித்தீர்கள்: 3511. எட்டு வயது ரயர். உள்ளே வந்து, ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டு, "நான்தான் கொஞ்சம் வேகமா விட்டிட்டன் அம்மா" என்றீர்கள்.

அதற்கு முன்பு நான்கு ரயர்களுக்கு நீங்கள் அனுப்பிய பணத்தில் இரண்டுதான் வாங்கியிருந்தேன். மீதி எங்கே போனது என்பதை இங்கே எழுத மாட்டேன். நான் எழுதுவதை ஊரில் பாதிப் பேர் வாசிக்கிறார்கள், அதில் தலைகுனிய வேண்டியவன் நான் மட்டுமல்ல. வாங்கிய இரண்டையும் முன்னால் பூட்டினேன். ஸ்ரியரிங் பிடிப்பது முன்சில்லுதானே என்று ரயர் கடையில் சொன்னார்கள், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அது பிழை. முன்சில்லு தண்ணீரில் மிதந்தால் கார் நேரே போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின்சில்லு மிதந்தால் சாதாரண ஓட்டுநருக்கு அவகாசமே இல்லை. எந்தக் காராக இருந்தாலும் நல்ல இரண்டும் பின்னால்தான் இருக்க வேண்டும். தள்ளுகின்ற வேலையையும் வளைவில் பிடித்து நிற்கின்ற வேலையையும் ஒரே பின்சில்லுகளிடம் கேட்கின்ற நம்முடைய காரில் அதைச் சொல்லவே தேவையில்லை. இதைப் படித்தறிந்தது பின்னர்தான். அம்மா பின் இருக்கையில் இருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் நித்திரை வருவதில்லை. என்னை மன்னியுங்கள்.

ஆனால் அன்று காலையில், மழை விட்ட பிறகு போவோம் என்று நான் சொன்னேன். "நான் பனியிலேயே ஓடினவன்" என்று சிரித்தீர்கள். நீங்கள் இருக்கின்ற கனடாவின் மொன்றியலில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் பூட்டாமல் ஓடினால் சட்டமே தண்டிக்கும். அங்கே உங்களைக் காப்பாற்றியது உங்கள் திறமை மட்டுமா? இரண்டு கிழமை நிற்க வருகின்றவருக்கு வல்லை ஒரு விளையாட்டு. அதே வீதியால் தினமும் வேலைக்குப் போகின்றவனுக்கு அப்படியல்ல. மறுநாள் ஒரு வார்த்தையும் கேட்காமல் இரண்டு ரயர்களை வாங்கி வந்து பின்னால் பூட்டிவிட்டு விமானம் ஏறினீர்கள். ஏசியிருக்கலாம். ஐந்து ஆண்டுகளாக அந்த இரண்டு ரயர்களின் மேல் இருந்துகொண்டுதான் நான் ஓடினேன்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று பழைய கார்களின் விலை ஏறியபோது, விற்றுவிடு என்றீர்கள். விற்கவில்லை. இனியும் விற்க மாட்டேன். இந்த நான்கும் என் சம்பளத்தில் வாங்கியவை.

நேற்று மாலை மழைக்குள் வல்லைக்குத் தனியாகப் போனேன். உயர்ந்த கியரில், ஸ்ரியரிங் நேராகும்வரை காலை அழுத்தாமல் ஓடினேன். பின்னால் ஒரு வான் ஒலியெழுப்பியது. முன்னால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா இன்னும் பெரியவன் வேகமாக ஓடுகிறவன் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மருமகள் வந்து இதை அவருக்கு வாசித்துக் காட்டுவாள். அதற்கு முன்பு நீங்கள் ஒருமுறை அழைத்து அவரோடு பேசிவிடுங்கள்.

தம்பி