தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம், போக இடம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடையில் சிறுநீரகத்தைக் காப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயாலிசிஸ் வார்டில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். கட்டுரையில் வந்தவை பெரும்பாலும் சரியான தகவல்கள். ஆனால் "எல்லோரும் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் அந்த அளவு ஆபத்து. அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டவே கூடாது. இதை அடுத்த இதழிலாவது குறிப்பிடுங்கள்.

நான் எழுத வந்தது வேறொன்றுக்காக. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் ஏலம் எடுத்து, கூடையோடு வந்து தெருவோரம் உட்காரும் மீன்காரப் பெண்களை உங்கள் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். எங்கள் பகுதியில் நான் மீன் வாங்கும் அம்மாவிடம் தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கும். அதைத் திறந்து ஒரு வாய் ஊற்றி, கொப்பளித்துத் துப்பிவிட்டு, உதட்டை நனைத்துக்கொண்டு மூடி வைப்பார். மீதித் தண்ணீர் மீன் மேல் தெளிக்க. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிச்சா எங்க போறது நர்சம்மா? ஒரு தபா எழுந்து போனா கூடைய யாரு பாத்துப்பா?" என்றார். பக்கத்தில் இருக்கும் கழிப்பறையில் ஒரு கதவு எப்போதும் பூட்டு, இன்னொன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தண்ணீர் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு.

அந்த அம்மாவின் உடம்புக்குள் அப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள். வடித்ததில் 99 சதவீதத்தை, அதாவது தண்ணீர், சர்க்கரை, உப்பு என்று உடம்புக்கு வேண்டியதையெல்லாம், திரும்ப ரத்தத்துக்கே இழுத்துக்கொள்கின்றன. மிச்சம் ஒன்று அல்லது இரண்டு லிட்டர்தான் சிறுநீர். கல்லீரல் தயாரித்து அனுப்பும் யூரியாவும் தசைகளிலிருந்து வரும் கிரியேட்டினினும் அதில்தான் வெளியேற வேண்டும். தண்ணீர் உள்ளே போகாவிட்டால் சிறுநீரகம் இன்னும் கெட்டியாக வடித்துப் பார்க்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அன்றாடக் கழிவைக் கரைத்து அனுப்பக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீராவது போயாக வேண்டும்.

வியர்வையிலேயே கழிவெல்லாம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். வியர்வையின் வேலை உடம்பின் சூட்டைத் தணிப்பது. அதில் கொஞ்சம் யூரியா போகும், அவ்வளவுதான். மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது சிறுநீரகத்துக்கு மிஞ்சும் தண்ணீர்தான் குறைகிறது. சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் வரும், எரியும், கல் உண்டாகும்.

அடக்கி வைப்பது தனிக் கேடு. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான் என்பதால் கிருமி சுலபமாகச் சிறுநீர்ப்பைக்கு ஏறிவிடும். அடிக்கடி சிறுநீர் கழித்தால்தான் அந்தக் கிருமியைக் கழுவிக்கொண்டு போகும். சிறுநீர் தேங்கினால் கிருமி பெருகும். சிறுநீரகம் வரை ஏறிவிட்டால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐஸ் பெட்டி தூக்கி இடுப்பு விட்டுப்போனால், இவர்கள் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் அவை. உடம்பில் நீர் வற்றும்போது தனக்கு வரும் ரத்தக் குழாய் சுருங்காமல் பார்த்துக்கொள்ள சிறுநீரகத்துக்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்த மாத்திரைகள் அதைத்தான் முடக்குகின்றன. தண்ணீரும் குடிக்காமல், இதையும் வருடக்கணக்கில் விழுங்கினால் என்ன ஆகும்? சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே இருந்தால் இன்னும் மோசம். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருப்பது தெரிய வரும்போது பெரும்பாலும் பாதிச் செயல்திறன் போயிருக்கும். வலி இல்லாமலே போகும் என்பதுதான் கொடுமை. பிறகு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பம் அதை எப்படித் தாங்கும்?

எங்கள் பகுதி எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும், தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம் என்றே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நல்ல காரியம். எழுந்து போய்விட்டு வர நேரமும் சுத்தமான இடமும் அதே அளவு முக்கியம் இல்லையா?

ஏலம் தொடங்கும் நேரத்திலிருந்தே திறந்திருக்கும், தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள, வியாபாரம் செய்கிற பெண்களிடம் காசு கேட்காத கழிப்பறை ஒவ்வொரு மீன் கடைத்தெருவுக்கும் வேண்டும். உங்கள் நிருபர் ஒருவரை, பெண்ணாக இருந்தால் நல்லது, விடியற்காலையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் அனுப்புங்கள். காலை முழுக்க அந்தப் பெண்களோடு உட்காரட்டும். எந்தக் கழிப்பறை எத்தனை மணிக்குத் திறக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்று தெருப்பெயரோடு பட்டியல் போட்டு வெளியிடுங்கள். கூட வருவதற்கு நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.