அம்மா வந்த நேரம் 3.40

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவின் மரணம் குறித்து நான் கொடுத்த மனுவுக்குச் சென்ற வாரம் மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. ‘சிகிச்சையில் தாமதம் ஏதும் நேரவில்லை’ என்ற ஒரே வரி. அந்த வரிக்காகத்தான் இந்த மடல்.

அம்மாவுக்கு 61 வயது, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. கடந்த மார்ச் மாதம் ஒருநாள் விடியற்காலை 3.40-க்கு எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். நெஞ்சை அடைக்கிறது, தாடை இழுக்கிறது என்றார். புடவை வியர்வையில் நனைந்திருந்தது. வாயுக் கோளாறு என்று சொல்லி ஓர் ஊசி போட்டு, வெளியே உட்காரச் சொன்னார்கள். ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேட்டேன். டெக்னீஷியன் எட்டு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். இயந்திரம் அதே அறையில், துணி போர்த்தியபடி இருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார் அம்மா. இரண்டு முறை போய்க் கெஞ்சினேன். மூன்றாவது முறை எழுந்தபோது அம்மாவே என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், தொந்தரவு செய்யாதே என்றார். எட்டேகாலுக்கு ஈசிஜி தாள் வெளியே வந்ததும் எல்லோரும் ஓடினார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியில், 108 வண்டிக்குள் அம்மா இறந்துபோனார்.

நெஞ்சுவலி என்று வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாயுப் பிடிப்பைப் போலவே வரக்கூடும் என்பதும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது உங்கள் துறைதான். மாத்திரை அலமாரியில் இருந்து என்ன பயன், ஈசிஜி எடுக்க ஆளில்லையென்றால்?

எங்கள் ஓ.பி. சீட்டில் தேதி இருக்கிறது, நேரம் இல்லை. இருக்கும் ஒரே நேரம் 8.17. அதுவும் ஈசிஜி இயந்திரம் தானாக அச்சடித்தது. இந்தக் காகிதத்தை வைத்து இப்படியும் சொல்லிவிடலாம்: அம்மா எட்டு மணிக்கு வந்தார், பதினேழு நிமிடத்தில் ஈசிஜி எடுத்தார்கள், உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டார்கள். ‘தாமதம் ஏதும் நேரவில்லை’ என்று எழுத இது போதுமாக இருந்திருக்கிறது. தவறான இடத்தில் கத்தி வைத்தால் தழும்பாவது மிஞ்சும். தாமதம் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே கேட்கிறேன்: வந்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், சோதனை நடந்த நேரம் மூன்றையும் சீட்டில் எழுதி, நோயாளியின் கையில் கொடுக்க உத்தரவிடுங்கள்.

தாமதம் அலட்சியத்தில் சேருமா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்தவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதே நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பின்படி, எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. தனியாரிடம் பணம் கட்டியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எங்களைப் போன்றவர்கள் வேறு நீதிமன்றங்களின் படியேற வேண்டும், தாமதத்தையும் நாங்களே நிரூபிக்க வேண்டும். எதை வைத்து நிரூபிப்பது? நேரத்தை எழுதும் பேனா உங்கள் ஊழியர் கையில் அல்லவா இருக்கிறது!

அந்த மருத்துவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. அன்றிரவு பணியில் இருந்தவர் அவர் ஒருவர்தான். பிரசவ வார்டுக்கும் அவரே ஓடிக்கொண்டிருந்தார். புதுக் கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கப் பணம் இருக்கிறது, இரவில் ஈசிஜி எடுக்க ஒருவரை நியமிக்க மட்டும் இல்லையா? செவிலியர் எவருக்கும் அதைக் கற்றுக்கொடுக்கலாமே. மன்னிக்கவும், கோபத்தில் எழுதுகிறேன்.

மூன்று நேரங்களையும் எழுதித் தர உத்தரவிடுங்கள் என்பதே என் கோரிக்கை. அம்மா வந்த நேரம் 3.40. எங்களை இறக்கிவிட்ட ஆட்டோ ஓட்டுநர் அதைச் சொல்லத் தயாராக இருக்கிறார். அவரையும் விசாரித்து, அந்த நேரத்தை மருத்துவமனைப் பதிவேட்டில் சேர்க்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவருடைய மகன்