எங்களுக்கு எளிய நாடகம் வேண்டாம்

மொன்றியலின் சிறிய நாடக அரங்குகளை நடத்துவோருக்கும், அங்கே சொற்களைப் புரட்டிப்போட்டு விளையாடும் இளம் கலைஞர்களுக்கும்,

வணக்கம். வேறு நாடுகளிலிருந்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு தாங்களும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பிரெஞ்சு கற்றவர்கள் பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். எங்களை நாடகம் பார்க்க அழைக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்து அழைப்பு வருவதெல்லாம் ஒரே வகை நாடகத்துக்குத்தான்: வசனம் குறைவு, கதை நேரானது, முடிந்ததும் கலந்துரையாடல். சொற்களை வெட்டி ஒட்டி, அகராதியில் இல்லாததையெல்லாம் பேசும் உங்கள் சோதனை நாடகங்களுக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை. ஓர் அரங்கில் கேட்டேன். "அது உங்களுக்குக் கடினமாக இருக்கும்" என்று அன்போடுதான் சொன்னார்கள். அந்த அன்பை மறுப்பதற்காகவே இந்த மடல்.

யூஜின் அயனெஸ்கோவின் ‘வழுக்கைத் தலைப் பாடகி’ நாடகம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ருமேனியாவில் பிறந்த அவர் ஆங்கிலம் கற்க ‘அசிமில்’ பாடப்புத்தகம் ஒன்றை வாங்கி, அதன் வாக்கியங்களை எழுதிப் பழகினார். வாரத்துக்கு ஏழு நாள்கள், தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது. திருவாளர் ஸ்மித்தும் திருமதி ஸ்மித்தும் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேடிக்கையைத்தான் அவர் பிரெஞ்சில் நாடகமாக்கினார். 1950இல் பாரிஸில் அதை மேடையேற்றிய நிக்கோலா பத்தாயுக்கு அப்போது வயது 24. தலைப்புகூட ஒத்திகையில் நடிகர் ஒருவர் வாய்தவறிச் சொன்னதிலிருந்து கிடைத்தது. பார்க்க ஆள் அதிகம் வரவில்லை. அதே நாடகம் 1957 முதல் பாரிஸின் உஷேத் தெருவில் உள்ள சின்னஞ்சிறு அரங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மொழி வகுப்பில் உட்கார்ந்த எவரும் அந்த நாடகத்துக்கு அந்நியர் அல்லர். "என் மாமா பொறியாளர். உங்கள் மாமாவும் பொறியாளரா?" என்று மாமாவே இல்லாத சக மாணவியிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டவர்கள் நாங்கள். நீங்கள் பிறந்ததிலிருந்து பேசும் மொழி உங்கள் காதில் உரசாமல் ஓடிவிடுகிறது. எங்கள் காதிலோ ஒவ்வொரு சொல்லும் தடுக்கிக்கொண்டுதான் நுழைகிறது. சொல்லை ஒலியாக மட்டும் கேட்பதற்கு உங்கள் நடிகர்கள் பயிற்சி எடுக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பயிற்சி விரும்பாமலே கிடைத்துவிட்டது.

வெளியிலிருந்து வந்தவர் அயனெஸ்கோ ஒருவர் மட்டுமா? 1921இல் தன் நாடகத்தில் கண், காது, மூக்கு, வாய் எல்லாவற்றையும் பாத்திரங்களாக்கிப் பேசவிட்ட திரிஸ்தான் ஜாராவும் ருமேனியர். தாய்மொழியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிரெஞ்சில் எழுதிய சாமுவேல் பெக்கெட் ஐரிஷ்காரர்.

உங்கள் ஊர்க் கதைக்கே வருகிறேன். மொன்றியல் கவிஞரும் நாடகாசிரியருமான குளோட் கொவ்ரோ தானே ஒரு மொழியைச் செய்து அதற்கு ‘எக்ஸ்ப்ளொரெயென்’ என்று பெயர் வைத்தார். 1947இல், இருபத்தோரு வயதில், அவர் மேடையேற்றிய ‘பியெனேத்ர்’ நாடகத்தைப் பார்த்து மொன்றியல் சிரித்தது. 1956இல் எழுதிய பெரிய நாடகம் 1970இல்தான் மேடை கண்டது. அதுவும் சில நாள்களில் நின்றுபோயிற்று. 1974இல் இயக்குநர் ஜான்-பியேர் ரொன்ஃபார் அதைப் பெரிய அரங்குக்குக் கொண்டுபோனபோது கொவ்ரோ உயிரோடு இல்லை. அவர் மொழி எவருக்கும் தாய்மொழி அல்ல. மூன்று தலைமுறையாக இங்கே வாழும் குடும்பத்துப் பிள்ளையும் போன வருடம் விமானத்திலிருந்து இறங்கியவரும் அதன் முன்னால் ஒரே வரிசையில்தான் உட்கார வேண்டும். இப்படிப்பட்ட நாடகம் எங்களுக்கு மட்டும் எப்படிக் கடினமாகும்?

எல்லாம் புரியும் என்று வீரம் பேசவில்லை. பழைய தொலைக்காட்சித் தொடரை வைத்தோ, ஊர் அரசியல்வாதியின் பெயரை வைத்தோ நீங்கள் செய்யும் சிலேடை எங்களைத் தாண்டிப் போய்விடும். நம் கியூபெக் மாகாணத்தின் வசைச்சொற்கள் மட்டும் தப்பாது. தேவாலயப் பூசைப் பொருள்களின் பெயரையெல்லாம் திட்டுவதற்குப் பயன்படுத்தும் அந்தக் கலையை உணவகச் சமையலறைகள் எங்களுக்கு முதல் வாரத்திலேயே கற்பித்துவிடுகின்றன.

2024 இலையுதிர்காலத்தில் கியூபெக்கில் வயது வந்தோருக்கான பிரெஞ்சு வகுப்புகள் பல, பணம் இல்லை என்று பாதியில் மூடப்பட்டன. அதை உங்களால் சரிசெய்ய முடியாது என்பது தெரியும். ஆனாலும் பிரெஞ்சு பேசிக் கேட்கும் இடங்கள் எங்களுக்குக் குறைந்துகொண்டே போகும் காலத்தில் உங்கள் அரங்கில் சில இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. சனி, ஞாயிறு பிற்பகல் காட்சிகளுக்கு அந்த இருக்கைகளை மொழி வகுப்புகளுக்குக் குறைந்த விலையில் கொடுங்கள். மாலைக் காட்சி பயன்படாது. அந்த நேரத்தில் எங்களில் பாதிப்பேர் வேலையில் இருப்பார்கள். நாடகத்தை விளக்கும் துண்டுத்தாள் வேண்டாம். முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்கவும் வேண்டாம், பக்கத்து இருக்கையில் இருக்கும் உங்கள் பழைய சந்தாதாரரிடம் அப்படிக் கேட்பீர்களா?

இளைஞர்களிடம் தனியாக ஒன்று. நாங்கள் வருகிறோம் என்று தெரிந்ததும் வசனத்தை மெதுவாகப் பேசாதீர்கள். நீங்கள் எதிர்பாராத இடத்தில் நாங்கள் சிரித்தால், நாடகம் கெட்டுவிட்டது என்று பதறாமல், எந்தச் சொல்லுக்குச் சிரித்தோம் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒத்திகைக்கு உதவும்.

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்காரத் தயாராக இருக்கும் ஒருவன்