பூஜ்யத்துக்கும் நூறு கோடிக்கும் நடுவில் பத்துப் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பகுதியில் இங்கிலாந்துப் பாடகர் டாம் ஓடெலின் முதல் ஆல்பமான 'லாங் வே டவுன்' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2013-இல் வந்த ஒரு ஆல்பத்தை இப்போது நினைவாக எடுத்துப் பேசியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை போய் நின்ற இடம் எனக்கு ஒப்பவில்லை. இங்கிலாந்தின் 'என்எம்இ' இசைப் பத்திரிகை அன்று அதற்குப் பத்துக்குப் பூஜ்யம் போட்டது. அதே ஆல்பத்தின் 'அனதர் லவ்' இன்று ஸ்பாட்டிஃபையில் நூறு கோடி தடவைக்கு மேல் கேட்கப்பட்டிருக்கிறது. ஆகவே விமர்சகர் தோற்றார், ரசிகர்கள் ஜெயித்தார்கள் என்று முடித்திருக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆல்பத்தில் இருப்பது பத்துப் பாட்டு. மீதி ஒன்பதின் கதி என்ன?

நான் திருச்சியில் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவன். 'அனதர் லவ்' வேண்டும் என்று கேட்காத பேட்ச் இப்போதெல்லாம் கிடையாது. பாட்டின் முழுப் பெயர்கூடத் தெரியாது, ரீல்ஸில் வரும் அந்தத் துண்டை மட்டும் செல்போனில் போட்டுக் காட்டி "இது சார்" என்பார்கள். அப்படி வருகிறவர்களிடம் முழு ஆல்பத்தையும் ஒரு தடவை கேட்டுவிட்டு வா என்று அனுப்புவது என் வழக்கம். அதனால் இந்த ஆல்பத்தைப் பற்றிய அபிப்பிராயங்கள் என் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் எதுவும் பூஜ்யமும் இல்லை, நூறு கோடியும் இல்லை.

முதலில் அந்தப் பூஜ்யத்தைப் பார்ப்போம். அது வந்த சூழ்நிலையைக் கட்டுரை தொடவே இல்லை. ஆல்பம் வெளியாவதற்கு முன்பே, பிரிட்டனின் பெரிய இசை விருதுகளான பிரிட் விருதுகளில், புதுமுகங்களுக்கான 'கிரிட்டிக்ஸ் சாய்ஸ்' விருதை ஓடெலுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2008-இல் பாடகி அடெல் வாங்கிய விருது அது. அதன் பிறகு ஃப்ளோரன்ஸ், எல்லி கோல்டிங், ஜெஸ்ஸி ஜே, எமிலி சாண்டே என்று வரிசையாகப் பெண் குரல்கள். ஆண் ஒருவர் வாங்கியது அதுதான் முதல் தடவை. பாடகி லில்லி ஆலன் தன் இசைத்தட்டு லேபிளில் சேர்த்துக்கொண்ட பையன், நம்பிக்கையூட்டும் புதுமுகங்களுக்கான பிபிசியின் 'சவுண்ட் ஆஃப் 2013' பட்டியலில் இடம், பின்னால் கொலம்பியா என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி. பந்தி போடும் முன்பே பாயசம் பிரமாதம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்த மாதிரி ஆகிவிட்டது. இருபத்திரண்டு வயதுப் பையனின் முதல் ஆல்பத்தைக் கேட்க உட்காரும்போது, "அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாம்" என்ற எரிச்சலோடு உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அந்த மார்க்கில் பாதி, கம்பெனிகள் செய்த ஆர்ப்பாட்டத்துக்குப் போட்ட மார்க் என்பது என் எண்ணம். அவ்வளவுக்கும் நடுவில் ஆல்பம் இங்கிலாந்தின் முதல் இடத்துக்குப் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. அந்தப் பூஜ்யத்துக்காக ஓடெலின் அப்பா பத்திரிகை அலுவலகத்துக்கே போன் செய்து சண்டை போட்டதைக் கொஞ்சம் நக்கலாக எழுதியிருந்தீர்கள். கீபோர்டு கிரேடு பரீட்சையில் இரண்டு மார்க் குறைந்தால் எனக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் போடும் அப்பாக்களைத் தெரிந்தவன் நான். அந்த மனிதர்மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு பாடகர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குப் படும். ஒருவர் பியானோ முன்னால் தனியாக உட்கார்ந்து, தனக்கே பாடிக்கொள்வது போலப் பாடுகிறவர். 'சென்ஸ்' பாட்டையும், ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய அந்தச் சின்னப் பாட்டையும் கேளுங்கள். வலது கை அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. குரல் ஒரு சொல்லை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் பியானோவும் நின்று வழி விடுகிறது. பெடலை எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது சுலபம்; எப்போது விட வேண்டும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, இந்த மாதிரிப் பாட்டைப் போட்டுக் காட்டத்தான் வேண்டும். என்னிடம் படிக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு 'அனதர் லவ்' மேல் இருந்த மோகம் 'சென்ஸ்' கேட்டதும் போய்விட்டது. இப்போது அதைத்தான் தினமும் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு பாடகர் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பாடுகிறவர். 'ஹோல்ட் மி' அந்த ரகம். டிரம்ஸ் அடி, கும்பலாகப் பின்குரல், அதற்கு மேலே ஏறிக் கத்தும் தொண்டை. 'கேன்ட் ப்ரிடெண்ட்' நிதானமாக ஆரம்பித்து, கடைசியில் அதுவும் கோரஸ் சூழ உச்சிக்குப் போய்விடும். பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் சொன்னான்: "சார், எந்தப் பாட்டு ஆரம்பிச்சாலும் கடைசில எங்கே போய் நிற்கும்னு தெரிஞ்சுடுது." அந்த ஒரு வாக்கியம் பூஜ்யத்தைவிட நல்ல விமர்சனம். குறையைச் சொல்கிறது, அது எங்கே இருக்கிறது என்பதையும் காட்டுகிறது. அதே பையனுக்கு 'ஹோல்ட் மி' உயிர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட் விளையாடப் போகும்போது அதைத்தான் கேட்பானாம்.

வரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது வயதில் காதல் தோல்வியை எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கின்றன. உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இது நடந்தது என்ற தோரணை. முப்பதைத் தாண்டியவர்களுக்குச் சில இடங்களில் பொறுமை போகும். பதினெட்டு வயதுக்காரர்களுக்கு அதுவே வேதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 2014-இல், பாட்டு எழுதுகிறவர்களுக்குப் பிரிட்டனில் கொடுக்கும் ஐவர் நொவெல்லோ விருதில் ஆண்டின் சிறந்த பாடலாசிரியராக இவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கட்டுரை சொல்லியிருக்கலாம். பூஜ்யத்துக்குப் பதில் சொல்ல நூறு கோடி வரைக்கும் போயிருக்கவே வேண்டாம்.

அந்த நூறு கோடிக்கும் வருகிறேன். கட்டுரையில் 'அனதர் லவ்' ஏதோ போருக்காக எழுதிய பாட்டு என்று எண்ணும்படி ஒரு வரி இருந்தது. திருத்திவிடுங்கள். அது 2012-லேயே ஒரு சிறு இசைத்தட்டில் வந்துவிட்டது. பழைய காதலுக்காகவே கண்ணீரையெல்லாம் செலவழித்துவிட்டு, புதிதாக வந்தவளுக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாமல் நிற்கிறவனின் பாட்டு. உனக்கு ஒன்று என்றால் சண்டைக்கு நிற்க ஆசைதான், ஆனால் அடிபட்டு அடிபட்டுக் கையில் தெம்பில்லை என்ற பொருளில் ஓர் இடம் வரும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது டிக்டாக்கில் பரவியது அந்த இடம்தான். அந்த மார்ச்சில் ஓடெல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் ரயில் நிலையத்தில், உக்ரைனிலிருந்து தப்பி வந்தவர்கள் நடுவே உட்கார்ந்து அதைப் பாடினார். அதே ஆண்டு ஈரானில் பெண்கள் போராடியபோதும் அவர்களுடைய காணொளிகளில் அது ஒலித்தது. பாட்டுக்குக் கிடைத்த இந்த இரண்டாவது வாழ்க்கை பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் அது அந்த ஒரு பாட்டின், அதிலும் அந்தச் சில விநாடிகளின் கதை. அதைக் காட்டி ஆல்பம் முழுவதும் அருமை என்று தீர்ப்புச் சொல்வது, பத்துப் பாட்டையும் கேட்காமல் பூஜ்யம் போடுவதற்குச் சமானம். இதே நூறு கோடியில் எத்தனை பேர் கடைசிப் பாட்டான 'சைரன்ஸ்' வரைக்கும் வந்து ஆல்பத்தை முடித்திருப்பார்கள்? என் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால், நான் விரட்டாவிட்டால் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு ஆல்பம் பிடிக்குமா என்று கேட்டால், பாதி பிடிக்கும். அமைதியான பாதி. அதில்தான் ஓடெல் தன் குரலைக் கண்டுபிடித்திருந்தார் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பெரிய கம்பெனியை விட்டு வெளியே வந்து 2022-இல் அவர் வெளியிட்ட 'பெஸ்ட் டே ஆஃப் மை லைஃப்' ஆல்பத்தில் பியானோவும் குரலும் மட்டும்தான். டிரம்ஸ் இல்லை, கோரஸ் இல்லை. முதல் ஆல்பத்தின் சத்தமான பாதியை அவரே கழற்றி வைத்துவிட்டார்.

உங்கள் இசைப் பகுதியில் அடுத்து இந்த 2022 ஆல்பத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் நட்சத்திரம் போட வேண்டாம், எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கும் வேண்டாம். எந்தப் பாட்டில் ஆரம்பித்துக் கேட்கலாம், எதைத் தாண்டிப் போனால் நஷ்டமில்லை என்று சொன்னால் போதும். அப்புறம் ஒரு சின்ன விண்ணப்பம்: கட்டுரையில் அந்த ஆல்பத்தின் எல்லாப் பாட்டுப் பெயர்களையும் ஒரு பெட்டியில் போட்டுவிடுங்கள். கத்தரித்து எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீபோர்டு ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.