சங்க மண்டபக் குழுவினருக்கு: பாக்கி வேறு, கடப்பாடு வேறு

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் தெருவில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. சந்தா பாக்கியைத் தீர்த்தால்தான் கருமாதிக்கு மண்டபம் என்று சொல்லி அனுப்பியவர்கள் நீங்கள்தானே. பாக்கி வைத்தவர்களின் பெயர்ப் பட்டியலுக்கு நீங்கள் இட்டிருக்கும் தலைப்பு: ‘உறுப்பினர் கடப்பாடு’.

ரங்கூன் மழையில், சந்துக்குள் தார்ப்பாய் கட்டிச் சடங்கு நடந்தது. கற்பூரம் ஏற்ற ஏற்ற அணைந்தது. பூசாரி ஒரு கையில் குடையைப் பிடித்தபடி மந்திரம் சொன்னார். பிண்டச் சோறு இலையிலேயே கரைந்து ஓட, சடங்கு செய்த பையன் இரண்டு கைகளாலும் அதற்கு அணை கட்டிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுப் பர்மியர் பொறுக்காமல் தம் கடைக்கதவைத் திறந்துவிட்டார்.

‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்றுதான் வள்ளுவர் ஒப்புரவு அதிகாரத்தைத் தொடங்குகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று மழை. அன்று மழை தன் கடப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இறுதிக்கடன் செய்ய இடம் கேட்டு வருபவரிடம் பாக்கி கேட்காதீர்கள். என் கோரிக்கை இதுதான்.

வசூலில் நம்மவர்க்கு இந்த நாட்டில் பழைய பேர் உண்டு. 1930-களில் நெல் விலை விழுந்து, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல், 1938-க்குள் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் கைக்கு மாறியது. அந்தப் பேர், கூலிக்கு வந்த நம் பாட்டன்மார் மீதும் ஒட்டிக்கொண்டது. அதைக் கட்டிக்காக்க ஒரு சங்கமும் வேண்டுமா? சரி, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். இதே நகரில் 2001 முதல் இலவச ஈமச்சேவைச் சங்கம் இன்ன மதம், இன்ன இனம் என்று பாராமல் சவ வண்டி அனுப்புகிறது. நம் பிள்ளைகளிடம் நாம் ரசீதுப் புத்தகத்தை நீட்டுகிறோம்.

சந்தாவை வசூலிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரை ஒழுகினால் காசு வேண்டும், தெரியும். பதினாறு கழியட்டும், பிறகு கேளுங்கள். சாவு வீட்டில் பாக்கி கேட்காதீர்கள். பலகையில் ‘சந்தா பாக்கி’ என்றே எழுதுங்கள், யாருக்கும் வருத்தமில்லை.

அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்
(சந்தா கட்டியாயிற்று, ரசீது கைவசம் உள்ளது)