ஓடும் நீருக்கு எங்கே போவது?

ஈரோடு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்து மறுபடி தறிப்பட்டறைக்குப் போகிறார் என்று படித்ததும் மனசு நிறைந்தது. தறி ஒழுங்காக ஓடுகிறதா? நூல் விலையைப் பற்றி நீ எழுதியிருந்தது கவலையாக இருக்கிறது.

நான் செய்யவிருந்த ஒரு தப்பை உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஒரு மருத்துவமனைக்காகத் தீக்காய முதலுதவித் துண்டறிக்கையை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். 'ரன்னிங் வாட்டர்' என்று வந்த இடத்தில், 'காயத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் வைக்கவும்' என்று எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காலிங்கராயன் வாய்க்காலுக்கா போகோணும்? அந்தத் தண்ணியில புண்ணக் காட்டலாமா கண்ணு?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் ஓடும் நீர் என்றால் ஆறும் வாய்க்காலும்தானே? 'குளிர்ந்த' என்பதைப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறப்பவர்களும் இருப்பார்கள். உட்கார்ந்து திருத்தினேன்: 'குழாயைத் திறந்துவிட்டு, விழுகிற தண்ணீரில் புண்ணை 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள்.'

அன்றிலிருந்து இந்த 'ரன்' என்ற சொல் என்னை விடவே இல்லை. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்குத்தான். இப்போது அந்த இடம் 'ரன்'னுக்கு. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்களாம். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். இயந்திரங்கள் பெருகியதுதான் பெரிய காரணம் என்கிறார்கள். ரயில், மோட்டார், கடைசியில் கணினி நிரல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் இதே சொல்லைத்தான் போட்டார்கள். ஆனால் தண்ணீருக்கு இது பழைய உறவு. இதன் ஜெர்மன் உடன்பிறப்பான 'ரின்னன்' இன்றும் நீர் வழிவதைத்தான் குறிக்கிறது.

நம்மிடம் வரும்போது இந்த ஒரே சொல் எத்தனையாகப் பிரிகிறது பார். மூக்கு ஒழுகுகிறது, சாயம் போகிறது, கம்பெனியை நடத்துகிறார்கள், பால் தீர்ந்துபோகிறது. தேர்தல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் வேட்பாளர் 'ஓடுகிறார்', பிரிட்டனில் 'நிற்கிறார்', நாமும் நிற்கிறார் என்றே சொல்கிறோம். கிரிக்கெட்டில் பந்து எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் மட்டையாளர் ஓடவே வேண்டாம், ஆனாலும் கணக்கில் நான்கு ரன். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் அதையும் 'ஓட்டங்கள்' என்றே எழுதுகின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

நம்முடைய 'ஓடு' மட்டும் இளைத்ததா என்ன? படம் நூறு நாள் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. கெட்ட சேதி வந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருக்கிற சம்பளத்தில் மாசத்தை ஓட்டுகிறோம். உங்கள் குமாரபாளையத்தில் "தறி ஓடுதா?" என்று ஒருவர் கேட்டால், வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பதாகத்தானே அர்த்தம்? சின்ன வயதில் உங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு அந்தத் தடதடச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கரண்ட் போய்ச் சட்டென்று அது அடங்கும்போது அப்பாவின் முகம் மாறுவது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் வெறும் 'ரன்' போதாது. அங்கே திணறப்போவது அவர்கள்.

அடுத்த துண்டறிக்கை காய்ச்சலைப் பற்றியது. அதன் முதல் வரியிலேயே 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' வருகிறது. 'உடம்பு சுட்டால்' என்று எழுதியிருக்கிறேன், உங்கள் பக்கம் 'காய்ச்சலடித்தால்' என்பார்களோ? இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டு. எந்த இடத்தில் நிறுத்தி "என்ன?" என்று கேட்கிறார்களோ, அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. பத்தாம் தேதிக்குள் கிடைத்தால் அச்சுக்கு முன் மாற்றிவிடலாம்.

அன்புடன்,
கலா